அப்பாவின் பணிக்காலத்தை நினைவு மலராகத் தொகுக்க வேண்டும்: ஆவணங்கள் எங்கே கிடைக்கும்?

தென்பெண்ணைக்கரை கேட்டது:

வணக்கம். அப்பா 1962-இல் கிராம சேவக்காக (ஊர்களில் வளர்ச்சிப் பணி பார்க்கும் ஒன்றிய ஊழியர்) சேர்ந்து, 2000-இல் துணை பி.டி.ஓ.வாக (துணை வட்டார வளர்ச்சி அலுவலர்) ஓய்வு பெற்றவர். பாலக்கோடு, பென்னாகரம், தளி, ஊத்தங்கரை என்று வேலை பார்த்ததெல்லாம் சின்ன ஊர்கள்தான். வரும் தை மாதம் முதலாம் ஆண்டு நினைவு நாள். சொந்தபந்தத்துக்கும் அந்தந்த ஊர்க்காரர்களுக்கும் கொடுக்க 50 பக்கத்தில் ஒரு மலர் போடலாம் என்று உத்தேசம். கையில் இருப்பது பத்துப் பன்னிரண்டு படங்கள், இரண்டு மாறுதல் ஆணைகள், அம்மா சொல்லும் செய்திகள். எந்த வருடம் எந்த ஊர் என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பணிப்பதிவேட்டின் (நியமனம் முதல் ஓய்வு வரை அலுவலகம் எழுதிவைக்கும் புத்தகம்) நகல் கிடைக்குமா? எங்கே தொடங்குவது?

பதிவறை:

அலுவலகத்துக்குப் போகும் முன் வீட்டுப் பெட்டியைத் திறங்கள். அம்மா குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார் என்றால் பி.பி.ஓ. (ஓய்வூதியக் கொடுப்பாணை) புத்தகம் இருக்கும். ஓய்வு பெற்ற தேதியும் கடைசிச் சம்பளமும் அதிலேயே கிடைத்துவிடும். அடுத்து, பிள்ளைகளின் டி.சி.க்கள் (பள்ளி மாற்றுச் சான்றுகள்). அரசு ஊழியர் வீட்டில் மாறுதல் வரும்போதெல்லாம் பள்ளியும் மாறும் என்பதால் டி.சி.யில் இருக்கும் தேதி மாறுதல் ஆணைக்கு அடுத்த சாட்சி. பிறப்புச் சான்றுகளில் உள்ள ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் "எந்த வருசம் தளி போனீங்க?" என்று கேட்டால் தடுமாறுவார். "சின்னவன் எந்த ஊர்ல பொறந்தான், அப்ப வாடகை வீடு யாருது?" என்று கேளுங்கள், தானாக வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். குடும்பம் ஒரே ஊரில் தங்கி, அவர் மட்டும் பஸ்ஸில் போய்வந்த வருடங்களும் இருந்திருக்கலாம். அங்கே டி.சி. ஏமாற்றும்.

பணிப்பதிவேடு கிடைக்கலாம், ஆனால் சுலபமில்லை. கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ் மனு எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டுங்கள். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். "தனிநபர் தகவல், மூன்றாம் நபர்" என்று மறுப்பதுதான் வழக்கமான பதில். அதற்கு இடம் கொடுக்காமல் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டின் நகலையும் முதல் மனுவோடே இணைத்துவிடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் மறுத்ததாகவே கணக்கு. அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். தை மாதம் என்கிறீர்கள், இன்றே அனுப்புங்கள்.

மனுவில் "என் தந்தையின் சேவை விவரம் தருக" என்று எழுதினால் ஒன்றும் வராது. "பணிப்பதிவேட்டின் முதல் பக்கம், நியமனம், மாறுதல், பதவி உயர்வுப் பதிவுகள் உள்ள பக்கங்களின் நகல்" என்று பிரித்துக் கேளுங்கள்.

பழைய கடிதங்களில் கோப்பு எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்தையும் பாருங்கள். ஓ.மு. என்றால் ஓராண்டில் அழிப்பது, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு. இவற்றைத் தேடி அலைவது வீண். நி.மு. என்று இருந்தால் நிலையாக வைக்க வேண்டிய கோப்பு. அதைக் கேட்பதில் அர்த்தம் உண்டு.

பாரமகால்:

மேலே சொன்னது சரி. மாவட்டக் கணக்கைச் சேர்க்கிறேன், பெரும்பாலான மலர்கள் இங்கேதான் சறுக்குகின்றன. உங்கள் அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது இந்த ஊர்களெல்லாம் சேலம் மாவட்டம். தர்மபுரி பிரிந்தது 1965 அக்டோபர் 2. கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது 2004 பிப்ரவரி 9, அதாவது அவர் ஓய்வு பெற்ற பிறகு. ஆக "1974-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் தளியில்" என்று எழுதினால் பிழை. நியமன ஆணையில் சேலம் ஆட்சியர் கையெழுத்து இருந்தால் திகைக்க வேண்டாம்.

திட்டங்களின் பெயரை வைத்தே வருடம் பிடிக்கலாம். ஐ.ஆர்.டி.பி. (ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம்) கடனில் மாடு கொடுத்த கதை என்றால், அந்தத் திட்டம் எல்லா ஒன்றியங்களுக்கும் வந்தது 1980 அக்டோபர் 2-இல். 1999-இல் வேறு திட்டத்தோடு கலந்துவிட்டது. சத்துணவு மையம் என்றால் 1982 ஜூலைக்குப் பின். ஜவகர் வேலைவாய்ப்புத் திட்டத்தில் போட்ட ரோடு 1989-க்குப் பின். "அந்த ஊருக்கு ஒகேனக்கல் தண்ணி கொண்டுவந்தவரே அவர்தான்" என்று யாராவது உருகிச் சொல்வார்கள். கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் 2008-இல், தொடக்க விழா 2013-இல். அவர் போட்டது கைபம்பாக இருக்கும், அதை அப்படியே எழுதுங்கள். ஃபுளோரைடு தண்ணீரில் பல் பழுத்த ஊரில் நல்ல தண்ணீர் வரும் இடமாகப் பார்த்து ஒரு பம்பு போட்டிருந்தால் அது சின்ன வேலையில்லை.

ஊராட்சித் தீர்மானப் புத்தகத்தையும் பார்க்கக் கேளுங்கள். 1986-க்கு அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 1996-இல்தான் நடந்தது. இடையில் 1991-க்குப் பிறகு தலைவர் கையெழுத்து இருக்காது, தலைவர் இல்லாத காலத்தில் ஊராட்சியைப் பார்த்துக்கொண்ட தனி அலுவலர் கையெழுத்துதான். விரிவாக்க அலுவலராக இருந்தவர் என்றால் அது உங்கள் அப்பாவின் கையெழுத்தாகவே இருக்கலாம். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து மலரில் போடுங்கள், வாழ்த்துரையைவிட மேல்.

வருவாய்த் துறைக் காகிதத்தில் பசலி ஆண்டு (ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டு) இருந்தால் 590 கூட்டுங்கள். பசலி 1390 என்றால் 1980 ஜூலை 1 முதல் 1981 ஜூன் 30 வரை. சிலர் ஜனவரி முதல் என்று எண்ணி ஒரு வருடம் தவறவிடுகிறார்கள்.

கல்வெட்டுக்காரன்:

பள்ளிக்கட்டடம், மேல்நிலைத் தொட்டி, சமுதாயக்கூடம், இவற்றில் திறப்புவிழாக் கல் இருக்கும். அதிகாரி பெயர் அடிவரியில் பொடி எழுத்தில் இருக்கும், இல்லாமலும் போகும். சுண்ணாம்பு பூசி எழுத்து மங்கியிருந்தால் சுரண்டாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். காலை ஏழு மணி வெயிலில், அல்லது இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் படமெடுத்தால் பள்ளம் நிழலாக விழுந்து எழுத்து தெரியும்.

தளிப் பக்கம் பெரியவர்களிடம் பேசும்போது தெலுங்கோ கன்னடமோதான் வீட்டுமொழி என்பதை மறக்க வேண்டாம். தமிழில் கேட்டால் மரியாதைக்கு நாலு வார்த்தை சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த மொழி பேசுகிற உள்ளூர் ஆளைக் கூட்டிப்போய், அவர்கள் போக்கில் பேசவிட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். "நல்ல மனுசன்" என்பதோடு நிறுத்தினால் "என்ன செஞ்சார், எந்த இடத்துல?" என்று இடத்தைக் கேளுங்கள். முடிந்தால் அங்கேயே நடத்திக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

தென்பெண்ணைக்கரை:

எல்லோருக்கும் நன்றி ஐயா. மனு நாளைக்கே அனுப்புகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். ஒரு குழுப்படம் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அச்சகத்தில் யூனிகோடு வேண்டாம், பழைய எழுத்துருவில் கொடுங்கள் என்கிறார்கள்.

மேப்லித்தோ:

கண்ணாடியைப் பிரிக்காதீர்கள் தம்பி, முகங்கள் அதோடு உரிந்து வரும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். தபால் அட்டை அளவுப் படங்களுக்கு 600 டிபிஐ (ஸ்கேனரின் நுணுக்க அளவு), பாஸ்போர்ட் அளவுக்கு 1200. குழுப்படத்தில் நிற்பவர்கள் பெயரை இப்போதே இடமிருந்து வலமாக எழுதி வாங்குங்கள். தெரியாத முகத்துக்கு ஊகத்தில் பெயர் போட வேண்டாம், அந்தக் குடும்பம் புத்தகத்தைப் பார்க்கும்.

எழுத்துரு மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறும். ஒ, ஓ குழம்பும். ஸ்ரீ காணாமல் போகும். மாற்றிய பிறகு வரும் பிரதியைத்தான் மெய்ப்புப் பார்க்க வேண்டும், உங்கள் மூலத்தை அல்ல. அதைவிட நீங்களே பக்கம் அமைத்து, எழுத்துரு பொதிந்த பிடிஎஃப் கொடுத்துவிட்டால் இந்தச் சண்டையே இல்லை.

50 பக்கம் வராது. நடுவில் பின் அடிக்கும் புத்தகம் நாலின் மடங்கில்தான் போகும், 48 அல்லது 52. டெம்மி அளவு (வழக்கமான புத்தக அளவு), 80 ஜிஎஸ்எம் (தாளின் கனம்) மேப்லித்தோ தாள் போதும். படங்களை நடுவில் 8 பக்க ஆர்ட் தாளில் சேர்த்துவிடலாம். பக்கத்துக்குச் சுமார் 200 சொல் என்றால் 40 பக்கத்துக்கு 8,000 சொல். வாழ்த்துரைகளுக்கு 4 பக்கத்துக்கு மேல் விடாதீர்கள், இல்லையென்றால் எல்லோரும் "சேவைச் செம்மல்" என்று ஒன்றையே எழுதுவார்கள். பணியாற்றிய ஊர், வருடம், பதவி கொண்ட ஒரு பக்க அட்டவணையை முன்னால் வையுங்கள். அதிலேயே இன்னொரு பத்தியாக அந்தந்த வருடம் வீட்டில் நடந்ததையும் போடுங்கள்: பிள்ளை பிறந்தது, வீடு மாறியது. கிராம சேவக் என்ற பதவிப் பெயர் பின்னால் ஊர்நல அலுவலர் என்று மாறியதால், பதவியைப் பணிப்பதிவேட்டில் உள்ளபடியே எழுதுங்கள். பதிவேடு வரும்வரை அந்தப் பக்கத்தை மட்டும் அச்சுக்கு அனுப்பாமல் வைத்திருங்கள்.