நீர்க்கடுப்புக்கு நெருஞ்சி முள்ளு கஷாயம் குடுக்கலாமா? எந்த நெருஞ்சி?

பென்னாகரம் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. அப்பாவுக்கு 58 வயசு, நாள் பூரா கடலைக்கொல்லையில வெயில்லயே நிப்பாரு, தண்ணி குடிங்கன்னா காதுலயே வாங்க மாட்டாரு, இப்ப ஒரு வாரமா நீர்க்கடுப்பு, ஒன்னுக்கு போனா எரியுதுங்கறாரு, விலாவுலயும் விட்டு விட்டு வலி. பக்கத்து வீட்டு பாட்டி நெருஞ்சி முள்ள இடிச்சு கஷாயம் வச்சு குடுடாங்குது. கொல்லையில ரெண்டு தினுசு இருக்கு, தரையோட படர்றது ஒன்னு, நிமுந்து வளர்ற பெரிய முள்ளு ஒன்னு. எதுங்க மருந்துக்கு? அப்பா சுகர் மாத்திரையும் போடறாரு. போர் தண்ணிதான் காரணமோன்னும் சந்தேகமா இருக்கு.

அரூர் அக்கா:
ரெண்டுமே மருந்துதான் தம்பி. படர்றது சிறுநெருஞ்சி, காய் அஞ்சு துண்டா உடையும், சைக்கிள் டயரை பஞ்சராக்கறது அதுதான். பெருசு யானை நெருஞ்சி, காய்க்கு நாலு பக்கமும் முள்ளு. அதுல ரெண்டு கொத்து ஒடிச்சு ஒரு சொம்பு தண்ணியில விட்டு கலக்குங்க, பார்த்துட்டு இருக்கும்போதே தண்ணி விளக்கெண்ணெ மாதிரி கொழகொழன்னு ஆயிடும், கொத்தை தூக்குனா நூலு நூலா இறங்கும். வெயில் காலத்துல வெறும் வயித்துல எங்க வீட்டுல அதைத்தான் குடிப்போம், கலக்குன கையோட குடிச்சிடணும், வச்சிருந்தா நீர்த்துப் போயிடும்.

ஓசூர் மாணவி:
நான் ஆயுர்வேதம் படிக்கிறேங்க. எங்க பாடத்துல கோக்ஷுரம்னு வர்றது சிறுநெருஞ்சி, பத்து மூலிகை வேர் சேர்ந்த தசமூலங்கற மருந்துக் கூட்டுல இதுவும் ஒன்னு. நீர்க்கடுப்புக்கும் வாதத்துக்கும் இதுதான் முதல் மருந்துன்னு சரக சம்ஹிதைங்கற பழைய ஆயுர்வேத நூல்ல தனியா எடுத்தே சொல்லியிருக்கு, கல்லடைப்புக்கு சுஸ்ருதர்ங்கற பழங்கால வைத்தியர் சொல்றது இன்னும் சுவாரசியம், நெருஞ்சி விதைப் பொடியில தேன் கலந்து செம்மறி ஆட்டுப் பால்ல ஏழு நாள் குடிக்கச் சொல்றாரு. பொடின்னா ஒரு நாளைக்கு 3-ல இருந்து 6 கிராம். கஷாயம்னா ஒரு பங்கு இடிச்ச முள்ளுக்கு 16 பங்கு தண்ணி ஊத்தி கால்வாசியா சுண்ட வைக்கணும். நாட்டு மருந்து கடையில வெறும் நெருஞ்சின்னு கேட்டா சில சமயம் பெருசையே கட்டிக் குடுத்துடுவாங்க, பார்த்து வாங்குங்க. நெருஞ்சியோட குக்குலு பிசின் சேர்த்து செய்யற கோக்ஷுராதி குக்குலு மாத்திரை மட்டும் வைத்தியர் பார்க்காம வேண்டாம்.

காவேரிப்பட்டணம் நர்ஸ்:
தம்பி, கஷாயத்துக்கு முன்னாடி யூரின் டெஸ்ட், கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கற கிரியாட்டினின் ரத்த டெஸ்ட், ஒரு ஸ்கேன், இது மூணும் எடுத்துடுங்க ப்ளீஸ். சுகர் இருக்கறவங்களுக்கு நீர்த்தாரையில கிருமி இருந்தா அது கிட்னி வரைக்கும் ஏறிடும், விலா வலின்னு வேற சொல்றீங்க. கிட்னிக் கல்லா இருந்தா, 5 மில்லிமீட்டருக்கு கீழ இருக்கற கல்லு பெரும்பாலும் தானா இறங்கிடும், பெரிய கல்லு அடைச்சிட்டு இருக்கும்போது நீர் பெருக்கற கஷாயம் குடுத்தா வலிதான் ஜாஸ்தியாகும். குளிர் காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் கலந்து போனாலோ, நீர் பிரியாம நின்னாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரி. நெருஞ்சி சுகரையும் கொஞ்சம் இறக்கும், மாத்திரையோட சேர்ந்தா மயக்கம் வரலாம், டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. கிட்னி ஏற்கனவே வீக்கா இருந்தா இந்தப் பக்கமே போக வேண்டாம். போர் தண்ணி பத்தி கேட்டீங்க, நம்ம பக்கம் ஃபுளோரைடு ஜாஸ்தி, அது பல்லையும் எலும்பையும் கெடுக்கும், அதனாலதான் 2013-ல ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரே வந்துச்சு, குடிக்க அந்தத் தண்ணியவே புடிங்க. ஆனா வெயில்ல நின்னுட்டு தண்ணி குடிக்காம இருந்தா எந்த தண்ணியா இருந்தாலும் கல்லு வரும்.

பென்னாகரம் தம்பி:
ரொம்ப நன்றிங்க, காலையில முதல் பஸ்ஸுக்கே தர்மபுரி கூட்டிட்டு போறேன். டாக்டர் சரின்னா முள்ளை எங்க கொல்லையிலயே பொறுக்கலாமா அக்கா?

அரூர் அக்கா:
களைக்கொல்லி அடிச்ச கொல்லையா இருந்தா வேணவே வேணாம், ரோட்டோரமும் வேணாம். கரட்டுப்பக்கம் முத்தி பழுப்பான காயா பொறுக்கி, கல்லு மண்ணு போக அலசி நல்லா காய வைங்க, லேசா வறுத்தா இடிக்க சுலபமா இருக்கும். கஷாயத்தை வெள்ளைத் துணிய ரெண்டு மடிப்பா போட்டு வடிகட்டுங்க, முள்ளுத் துணுக்கு ஒன்னு தங்குனாலும் தொண்டையில சிக்கிக்கும்.