நட்ட முடி நிற்கிறது, பழைய முடி போய்விட்டது: மருந்தை நிறுத்தியது என் தவறா?

முன்வரிசை:
இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, என் 31ஆம் வயதில், முன்நெற்றியிலும் நடுத்தலையிலுமாக 2,200 கிராஃப்ட்டுகள் (பின்தலையிலிருந்து எடுத்த மயிர்க்கால் துண்டுகள்) நட்டுக்கொண்டேன். அறுவைக்கு நான்கு மாதங்களுக்கு முன்பிருந்தே நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் பினாஸ்டரைடு மாத்திரையையும், இரவில் 5 சதவீத மினாக்சிடில் கரைசலையும் பயன்படுத்தி வந்தேன். பதினான்காம் மாதத்தில் தலை நன்றாக அடர்ந்திருந்தது. நட்ட முடி நிரந்தரம் என்று சொல்லித்தானே நட்டார்கள், இனி மருந்து எதற்கு என்று நானாகவே இரண்டையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டேன்.

மூன்றாம் மாதம் தொடங்கித் தலையணையிலும் சீப்பிலும் முடி கொத்தாக வந்தது. இப்போது பத்து மாதங்கள் ஆகின்றன. ஈரத்தலையோடு விளக்கின் கீழ் நின்றால் நட்ட முடிகள் தனித்தனியாகத் தெரிகின்றன, அவற்றின் இடையிலும் பின்னால் உச்சியிலும் தோல் தெரிகிறது. நடவே தோற்றுவிட்டதா? மருத்துவமனையில் கேட்டால் "நிறுத்தச் சொன்னது யார்?" என்கிறார்கள். ஆயுள் முழுவதும் மருந்து வேண்டும் என்று அறுவைக்கு முன்பு அவர்கள் சொல்லவே இல்லை.

நாற்றங்கால்:
உங்கள் நடவு தோற்கவில்லை. நீங்கள் எழுதியதிலேயே அதற்கான சான்று இருக்கிறது: நட்ட முடிகள் தனித்தனியாகத் தெரிகின்றன என்றால் அவை நிற்கின்றன என்றுதான் பொருள். நாற்று பிழைத்துவிட்டது, வயலில் முன்பே இருந்த பயிர்தான் காய்ந்திருக்கிறது.

ஆண்களின் வழுக்கைக்குக் காரணம் டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உடலில் உருவாகும் டிஎச்டி என்ற ஹார்மோன். முன்தலையிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்கள், பரம்பரைக் காரணத்தால், அந்த ஹார்மோனுக்கு ஆட்பட்டு ஒவ்வொரு வளர்ச்சிச் சுற்றிலும் சிறிது சிறிதாக மெலிந்து, கடைசியில் பூனைமுடியாகிவிடுகின்றன. பின்தலை மயிர்க்கால்களுக்கு அந்தப் பலவீனம் பெரும்பாலும் இல்லை. அவற்றை எடுத்து முன்னால் நட்டாலும் அவை தம் பழைய இயல்பையே வைத்துக்கொள்கின்றன என்பதை நார்மன் ஓரன்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் 1959இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். முடி நடவு என்ற தொழிலே அந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது. ஆனால் நடவு, பக்கத்தில் நிற்கும் பழைய மயிர்க்காலுக்கு அந்த இயல்பைக் கொடுப்பதில்லை. டிஎச்டி உருவாவதைக் குறைத்து அதைக் காத்தது உங்கள் பினாஸ்டரைடு மாத்திரை.

2005இல் வெளியான ஓர் ஆய்வில், நடவு செய்துகொண்ட 79 ஆண்களை இரு பிரிவாக்கி, அறுவைக்கு நான்கு வாரங்களுக்கு முன்பிருந்து 48 வாரங்கள் பின்பு வரை ஒரு பிரிவுக்கு பினாஸ்டரைடும் மற்றதற்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். வேறுபாடு தெரிந்தது நட்ட முடியைச் சுற்றியிருந்த பழைய முடியில்தான். எனவே மருந்தைத் தொடர மனமில்லாதவர் நடவுக்குப் போகாமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ஆறாண்டு:
நாற்றங்கால் சொன்ன அறிவியலை நான் மறுக்கவில்லை. அவர் கடைசியில் சொன்ன தீர்ப்பைத்தான் மறுக்கிறேன். ஒருவர் முப்பது வயதில் ஒரு மாத்திரையைத் தொடங்கி எழுபது வயது வரை ஒருநாளும் விடாமல் விழுங்குவார் என்று எண்ணி அவர் தலையில் நடவுக்கான முடிக்கோட்டை வரைவதுதான் தவறு. மனிதர்கள் மருந்தை நிறுத்துவார்கள். சிலர் மறதியால், சிலர் செலவால், சிலர் குழந்தைக்குத் திட்டமிடும்போது எழும் தயக்கத்தால், சிலர் பக்க விளைவால் நிறுத்துவார்கள். நான் ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நிறுத்தியது கடைசிக் காரணத்தால்.

அந்தப் பக்க விளைவை மனப்பிரமை என்று ஒதுக்கிவிட முடியாது. பாலுறவு சார்ந்த குறைபாடுகள் பினாஸ்டரைடு எடுத்தவர்களில் 3.8 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.1 சதவீதம் என்று தொடக்கக்காலச் சோதனைகளிலேயே பதிவாகியிருக்கிறது. எண் சிறியதுதான். ஆயினும் மருந்தை நிறுத்திய பின்னும் சிலருக்கு அக்குறை நீடித்ததாக வந்த தகவல்களை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012இல் மருந்துக் குறிப்பில் சேர்க்கச் செய்தது. தற்கொலை எண்ணம் இம்மருந்தின் பக்க விளைவுகளில் ஒன்று என்பதை ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் உறுதிப்படுத்தியது. அப்படியிருக்க, "தொடர மனமில்லாதவர்" என்று எழுதுவது, நிறுத்தியவர்கள் எல்லாரையும் சோம்பேறிகளாக்கிவிடுகிறது.

என் அறுவை மருத்துவர் முதல் சந்திப்பிலேயே, "நீங்கள் நாளை மருந்தை விட்டாலும் கேலியாகத் தெரியாத தலையாக இது இருக்க வேண்டும்" என்று சொல்லி முடிக்கோட்டை உயர்த்தி வரைந்தார், உச்சியைத் தொட மறுத்தார். அன்று எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. மருந்தை விட்ட பிறகு உச்சி முழுதும் போய்விட்டது, முன்பகுதி வயதுக்கேற்ற முடியாக நிற்கிறது. முன்வரிசைக்கு நடந்திருப்பது வேறு. ஏற்கெனவே மெலிந்துகொண்டிருந்த முடிகளின் இடைவெளிகளில் நட்டு அடர்த்தி காட்டியிருக்கிறார்கள். மருந்து தாங்கிப் பிடித்த முடியைத் தங்கள் கைத்திறனின் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

மாத்திரைப்பெட்டி:
நான் மருந்தாளுநர். இருவரும் "மருந்து" என்று ஒருமையில் பேசுவதால் குழப்பம் வருகிறது. அவர் நிறுத்தியவை இரண்டு மருந்துகள், இரண்டின் கடிகாரமும் வேறு.

மினாக்சிடில் டிஎச்டியைத் தொடுவதே இல்லை. முதலில் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாகக் கொடுக்கப்பட்டு, உடலில் முடி வளர்வது கவனிக்கப்பட்டதால் பின்னர் தலைக்குக் கரைசலாக வந்த மருந்து அது. மயிர்க்காலை வளர்ச்சிப் பருவத்தில் பிடித்துவைப்பது அதன் வேலை. பிடியை விட்டால், அதுவரை பிடித்துவைக்கப்பட்ட முடிகள் பலவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஓய்வுப் பருவத்துக்குப் போய், மூன்று நான்கு மாதங்களுக்குள் சேர்ந்தாற்போல உதிர்கின்றன. மூன்றாம் மாதத்தில் கொத்தாக வந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

பினாஸ்டரைடு நிறுத்தப்பட்டால் ஏறத்தாழ இரு வாரங்களில் டிஎச்டி பழைய அளவுக்குத் திரும்பிவிடும், ஆனால் முடி அந்தச் செய்தியை மெதுவாகத்தான் கேட்கும். மயிர்க்கால் சுற்றுக்குச் சுற்று மெலிவதால், கிடைத்த பயன் முழுவதும் கரைய ஓராண்டு வரை ஆகலாம். கொத்தாக உதிராமல், ஒவ்வொரு இழையும் சன்னமாகி, எண்ணிக்கை அதிகம் குறையாமலே தோல் தெரியும். பத்தாம் மாதத்தில் உச்சியில் தெரிவது இந்த இரண்டாவது கதை. ஓரிரு வாரம் மாத்திரை தவறியதற்கு நடுங்குபவர்களும் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளலாம்.

இன்னொன்று: கடும் காய்ச்சல், திடீர் எடைக்குறைப்பு, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு ஆகியவையும் இரண்டு மூன்று மாத இடைவெளியில் இதே போன்ற உதிர்வைக் கொண்டுவரும். மருந்தை விட்டதுதான் காரணம் என்று முடிவுகட்டும் முன்பு இவற்றை விலக்கிப் பார்க்க வேண்டும்.

முன்வரிசை:
காய்ச்சல் ஏதும் வரவில்லை, இரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருந்தது. எனக்கு இன்னொரு அச்சம் இருக்கிறது. மருந்தே தொடாமல் இருந்திருந்தால் இவ்வளவு போயிருக்காதோ என்று தோன்றுகிறது. நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகக் கொட்டும் என்று பலர் சொல்கிறார்களே?

ஆறாண்டு:
எனக்கும் அப்படித்தான் நடந்தது. நிறுத்திய ஓராண்டில், அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் போகாத முடி போனது. இதை மருந்து விதிக்கும் அபராதம் என்றுதான் சொல்ல வேண்டும்.

நாற்றங்கால்:
அபராதம் அன்று, நிலுவை. 1998இல் வெளியான பெரிய சோதனையில் 18 முதல் 41 வயது வரையான 1,553 ஆண்கள் கலந்துகொண்டார்கள். முதல் ஆண்டு பினாஸ்டரைடு எடுத்தவர்களில் ஒரு பகுதியினரை இரண்டாம் ஆண்டு வெற்று மாத்திரைக்கு மாற்றியபோது, அவர்கள் பெற்ற பயன் கரைந்தது. வழுக்கை என்பது நிற்காமல் ஓடும் மீட்டர். மருந்து அதை மறைத்துவைக்கிறதே ஒழிய அழிப்பதில்லை. ஐந்து ஆண்டுகள் மறைத்துவைத்துவிட்டு ஓராண்டில் திரையை விலக்கினால், ஐந்தாண்டு இழப்பை ஓராண்டில் பார்க்கத்தான் செய்வோம். மருந்தே எடுக்காத உங்கள் இரட்டையர் ஒருவர் இருந்திருந்தால், இன்று உங்கள் இருவர் தலையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஆறாண்டு:
கணக்கில் சரி, ஒப்புக்கொள்கிறேன். "அபராதம்" என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் கண்ணாடி முன் நிற்பவருக்கு ஒரு வேறுபாடு இருக்கிறது. மருந்தும் நடவும் இல்லாத என் இரட்டையர் ஐந்து ஆண்டுகளில் மெல்ல வழுக்கையாகி, அதற்குப் பழகி, ஒருநாள் மழித்துக்கொண்டிருப்பார். நடவு செய்தவரால் அதைக்கூட எளிதில் செய்ய முடியாது, ஏனெனில் மழித்தால் பின்தலையில் தழும்பு தெரியும், முன்னால் நட்ட வரிசை கரும்புள்ளிகளாகத் தெரியும். பின்வாங்கும் வழி அறுவையோடு அடைபடுகிறது. அதனால்தான், மருந்துப் பேச்சை அறுவைக்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டியது மருத்துவரின் கடமை என்கிறேன். அதை நீங்கள் நோயாளியின் மன உறுதியைப் பற்றிய பேச்சாக மாற்றிவிட்டீர்கள்.

நாற்றங்கால்:
கடமை மருத்துவருடையது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன், "மனமில்லாதவர்" என்று எழுதியதற்கு வருந்துகிறேன். மருந்து ஒத்துக்கொள்ளாதவரை நான் அதில் சேர்த்திருக்கக் கூடாது. ஆனால் உங்கள் மருத்துவரின் முறைக்கும் ஒரு விலை உண்டு. உச்சியைத் தொடாமல், உயர்ந்த கோட்டோடு நின்றுகொள்ள நீங்கள் ஒப்பினீர்கள். பத்தில் எத்தனை பேர் ஒப்புவார்கள்? பெரும்பாலோர் கேட்பது இருபது வயதுத் தலையை. அதற்கு வேண்டிய முடி பின்தலையில் அளவோடுதான் இருக்கிறது, எடுத்தது மீண்டும் முளைப்பதில்லை. அந்தக் குறையை மருந்தை வைத்துத்தான் நிரப்ப முடிகிறது. பின்தலை முடியும் எல்லாருக்கும் முழுக் காப்பு உடையதன்று, சிலருக்கு அதுவும் மெலியும். "நிரந்தரம்" என்ற சொல்லை விளம்பரங்களிலிருந்து எடுத்துவிட்டாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

மாத்திரைப்பெட்டி:
முன்வரிசை இனி என்ன செய்யலாம் என்பதை யாரும் சொல்லவில்லையே. ஒரு மருத்துவர் பெரிதாக்கும் கருவியால் தலைத்தோலைப் பார்த்தால், மெலிந்த இழைகள் இன்னும் எவ்வளவு இருக்கின்றன என்பது தெரியும். அவற்றில் ஒரு பகுதியை மீட்க முடியலாம், நெடுநாள் பூனைமுடியாகிவிட்டவை திரும்புவது அரிது. மீண்டும் தொடங்கினால் முதல் மூன்று மாதங்களில் எதையும் எதிர்பார்க்காதீர்கள், முழுப் பயனை அளக்க ஓராண்டு வேண்டும். மினாக்சிடில் தொடங்கிய முதல் சில வாரங்களில் உதிர்வு சற்றுக் கூடலாம், அதைப் பார்த்துவிட்டு மறுபடி நிறுத்துபவர்கள் ஏராளம். மனச்சோர்வு முன்பு இருந்திருந்தால் மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். பின்னாளில் புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ பரிசோதனை செய்தால் பினாஸ்டரைடு எடுப்பதையும் கூறுங்கள், அந்த அளவை அது ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும். மாத்திரை எடுக்கும் காலத்திலும், நிறுத்தி ஒரு மாதம் ஆகும் வரையிலும் இரத்த தானம் செய்யாதீர்கள்.

முன்வரிசை (பன்னிரண்டு நாள்களுக்குப் பின்):
வேறொரு தோல் மருத்துவரைப் பார்த்தேன். நட்டவை ஏறத்தாழ முழுவதும் உயிரோடு இருப்பதாகவும், உச்சியில் பாதிக்கு மேற்பட்ட இழைகள் மெலிந்திருந்தாலும் இறந்துவிடவில்லை என்றும் கூறினார். பினாஸ்டரைடை மட்டும் தொடங்கியிருக்கிறேன். முன்பு பதினெட்டு மாதங்கள் எடுத்தபோது எனக்குத் தொல்லை ஏதும் இல்லை. மினாக்சிடிலை என்னால் வாழ்நாள் முழுதும் இரவுதோறும் தடவ முடியாது என்பதை அவரிடம் ஒப்புக்கொண்டேன், அப்படியானால் அதைத் தொடங்கவே வேண்டாம் என்றார். பழைய மருத்துவமனை கழிவு விலையில் 800 கிராஃப்ட்டுகள் கூடுதலாக நட்டுத் தருவதாக அழைத்தது. ஓராண்டு கழிந்த பின்பு பேசலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆறாண்டு:
அந்த 800ஐ உச்சியில் நடச் சொன்னார்களா, முன்னாலா?

முன்வரிசை:
உச்சியில்தான்.

ஆறாண்டு:
அப்படியானால் ஓராண்டு கழிந்த பின்பும் அவர்களிடம் போகாதீர்கள்.

நாற்றங்கால்:
இதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.