ஒன்பது வாரக் குழந்தைக்கு ஹீமோகுளோபின் 10.1: இது இரத்தச்சோகையா, இயல்பான இறக்கமா?

தூளி எழுதியது:

வணக்கம். எங்கள் மகளுக்கு ஒன்பது வாரம் நிறைந்திருக்கிறது. நிறைமாதத்தில் 3.1 கிலோ எடையுடன் பிறந்தாள். மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை கண்டதால் இரண்டு நாள் ஒளிச் சிகிச்சை அளித்தார்கள். என் இரத்த வகை ஓ பாசிட்டிவ், அவளுடையது ஏ பாசிட்டிவ். பிறந்த அன்று எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 100 மில்லி லிட்டருக்கு 18.4 கிராம் இருந்தது.

குழந்தை சற்று வெளுத்துத் தெரிவதாக வீட்டுப் பெரியவர்கள் சொன்னதால் சென்ற வாரம் மீண்டும் பரிசோதித்தோம். ஹீமோகுளோபின் 10.1, வெள்ளையணுக்கள் 11,200, அவற்றில் லிம்ஃபோசைட் 64 சதவீதம், நியூட்ரோஃபில் 26 சதவீதம், தட்டணுக்கள் 4,70,000 என்று வந்திருக்கிறது. தட்டணு எண்ணிக்கைக்கு அருகில் 'அதிகம்' என்றும், ஹீமோகுளோபினுக்கு அருகில் 'குறைவு' என்றும், லிம்ஃபோசைட், நியூட்ரோஃபில் வரிகள் தடித்த எழுத்திலும் அச்சாகியிருக்கின்றன. குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறாள், எடை 5 கிலோவைத் தொட்டுவிட்டது, காய்ச்சல் எதுவும் இல்லை. அடுத்த வாரம்தான் மருத்துவரைப் பார்க்க முடியும். இரத்தப்போக்கே இல்லாத ஒரு குழந்தைக்கு இரண்டு மாதத்துக்குள் கிட்டத்தட்டப் பாதி ஹீமோகுளோபின் எங்கே போனது என்பதுதான் என் கேள்வி.

நுண்ணோக்கி எழுதியது:

இரத்தவியல் ஆய்வகத்தில் பணியாற்றுபவன் என்ற முறையில் அறிக்கையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்; சிகிச்சையைப் பற்றிச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

அந்தத் தாளின் ஓரத்தில் 'இயல்பு அளவு' என்று அச்சாகும் எண்கள் பெரும்பாலும் வளர்ந்தவர்களுக்கு உரியவை. கருவியில் குழந்தையின் வயதைப் பதியாமல் விட்டால், அது எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளந்து 'குறைவு', 'அதிகம்' என்று அச்சிட்டுத் தள்ளிவிடும். பச்சிளங்குழந்தையின் இரத்தத்துக்கு வாரத்துக்கு வாரம், முதல் சில நாட்களிலோ மணிக்கு மணி, இயல்பு அளவே மாறிக்கொண்டிருக்கும். நிறைமாதக் குழந்தைக்குப் பிறக்கும்போது 14 முதல் 20 கிராம் வரை ஹீமோகுளோபின் இருப்பதும், எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் அது 9 முதல் 11 வரை இறங்குவதும் எதிர்பார்க்கக்கூடியவையே.

வெள்ளையணுக்களைப் பற்றியும் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பிறந்த முதல் நாளில் 30,000 வரை ஏறி, நியூட்ரோஃபில்களே மிகுந்திருக்கும். முதல் வாரம் முடியும் தறுவாயில் லிம்ஃபோசைட்டுகள் அவற்றை முந்தி, நான்கு ஐந்து வயது வரையில் முன்னிலையிலேயே இருக்கும். வளர்ந்தவரிடம் 64 சதவீதம் என்றால் நாங்களே இரண்டாம் முறை பார்ப்போம். உங்கள் மகளின் வயதில் அதுதான் முறையான விகிதம். தட்டணுக்களுக்கு ஒன்றரை லட்சம் என்ற கீழ் எல்லை எல்லா வயதுக்கும் பொதுவானது, ஆனால் முதல் சில மாதங்களில் மேல் எல்லையைத் தாண்டுவது அரிதன்று.

இரண்டு பரிசோதனைகளுக்கும் இரத்தம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் கேட்டுப் பாருங்கள். குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத்தில், குறிப்பாக முதல் நாட்களில் கால் குளிர்ந்திருந்தால், சிரை இரத்தக்குழாயிலிருந்து எடுத்ததைவிட ஹீமோகுளோபின் கூடுதலாகக் காட்டும். முதல் நாள் 18.4 குதிகால் இரத்தமாக இருந்தால் உண்மையான இறக்கம் நீங்கள் நினைப்பதைவிடச் சிறிதாக இருக்கக்கூடும். குதிகாலை அழுத்திப் பிழிந்து துளித்துளியாகச் சேர்ப்பதில் வேறொரு தொல்லையும் உண்டு: குப்பிக்குள்ளேயே நுண்ணிய உறைகட்டிகள் உருவாகி, தட்டணுக்கள் அவற்றில் சிக்கி, எண்ணிக்கை பொய்யாகக் குறைந்துவிடும். ஆகவே பச்சிளங்குழந்தைக்குத் தட்டணு குறைவு என்று கருவி சொன்னால், கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்காமல் நான் அறிக்கை தருவதில்லை. பிறந்த முதல் ஓரிரு நாட்களில் அதே தகட்டில் உட்கரு இன்னும் நீங்காத சிவப்பணுக்களும் தென்படும். சில கருவிகள் அவற்றையும் வெள்ளையணுக்களாக எண்ணிவிடுவதால், கழித்துத் திருத்த வேண்டியிருக்கும்.

குழவிநலன் எழுதியது:

மேலே நண்பர் சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். குழந்தை மருத்துவராக, 'எங்கே போனது' என்ற கேள்விக்கு மட்டும் சற்று விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

கருவில் இருக்கும் குழந்தை ஆக்சிஜன் குறைந்த சூழலில் வளர்கிறது. அந்தக் குறைவை ஈடுசெய்யத்தான் சிவப்பணுக்கள் அவ்வளவு மிகுதியாக உருவாகின்றன; கருவுக்கே உரிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. பிறக்கும்போது மொத்தத்தில் ஏறத்தாழ 60 முதல் 80 சதவீதம் இந்த வகைதான். முதல் மூச்சுக்குப் பின் சில நிமிடங்களிலேயே இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 90 சதவீதத்தை எட்டிவிடுவதால், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன் சடாரென்று குறைந்து, எலும்பு மஜ்ஜை ஏறக்குறைய ஓய்வெடுக்கத் தொடங்குகிறது. பெரியவர்களின் சிவப்பணு 120 நாள் வாழும் என்றால் பச்சிளங்குழந்தையுடையது 60 முதல் 90 நாளே வாழும். பழையவை அழிகின்றன, புதியவை போதிய அளவில் வருவதில்லை. அதே காலத்தில் உங்கள் மகளின் எடை 3.1 கிலோவிலிருந்து 5 கிலோவாகியிருக்கிறது. உடலின் மொத்த இரத்த அளவும் எடையோடு சேர்ந்து வளர்வதால், இருக்கும் அணுக்கள் கூடுதலான நீர்மத்தில் பரவுகின்றன. இந்த மூன்றும் சேர்ந்ததே நீங்கள் காணும் 10.1.

இந்த எண்ணிக்கையால் குழந்தைக்கு மூச்சுத்திணறலோ சோர்வோ வராததற்குக் காரணம் உண்டு. கருவின் ஹீமோகுளோபின் குறையக் குறைய, ஆக்சிஜனைத் திசுக்களுக்கு எளிதில் விட்டுக்கொடுக்கும் வளர்ந்தோர் வகை அதன் இடத்தைப் பிடிக்கிறது. எண்ணிக்கை தாழ்ந்தாலும் விநியோகம் தாழ்வதில்லை. ஆக்சிஜன் தேவை ஓர் எல்லையைத் தாண்டியதும் சிறுநீரகத்திலிருந்து எரித்ரோபொயட்டின் மீண்டும் சுரந்து, ஹீமோகுளோபின் தானே ஏறத் தொடங்கும்.

ஆனால் உங்கள் பதிவில் ஒரு வரி என் கவனத்தை ஈர்த்தது. இதை வெறும் இயல்பான இறக்கம் என்று முடித்துவிட அது இடந்தரவில்லை. தாய் ஓ வகை, குழந்தை ஏ வகை, மூன்றாம் நாள் ஒளிச் சிகிச்சை தேவைப்பட்ட காமாலை. இந்தச் சேர்க்கையில், தாயின் இரத்தத்தில் ஏ வகைக்கு எதிராக உள்ள எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் சிவப்பணுக்களில் ஒரு பகுதியை உடைத்திருக்கக்கூடும். காமாலையும் அதனாலேயே வந்திருக்கலாம். இவ்வகைப் பொருத்தமின்மை ஆர்ஹெச் (பாசிட்டிவ், நெகட்டிவ்) பொருத்தமின்மையைப் போலக் கடுமையானதன்று, பெரும்பாலும் மிதமாகவே முடிந்துவிடும். ஆயினும் அந்த எதிர்ப்பொருள் சில வாரங்கள் குழந்தையின் உடலில் தங்குவதால், இறக்கம் சற்று ஆழமாகவோ முன்னதாகவோ நிகழலாம். அடுத்த வாரம் மருத்துவரிடம், பிறந்தபோது, சிவப்பணுக்களில் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கூம்ஸ் பரிசோதனை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். ரெட்டிகுலோசைட் எனப்படும் இளஞ்சிவப்பணுக்களின் எண்ணிக்கையையும் பார்க்கச் சொல்லுங்கள். அது மிதமாக உயர்ந்திருந்தால் மஜ்ஜை விழித்துக்கொண்டது என்று பொருள். மிக உயர்ந்து, காமாலையின் மஞ்சள் நிறமியான பிலிரூபினும் கூடியிருந்தால், அணுக்கள் இன்னும் உடைகின்றனவா என்று தேட வேண்டும்.

பால் குடிக்கும்போது வியர்த்து இளைப்பது, மூச்சு வேகமாக இருப்பது, எடை நின்றுபோவது, கண்ணில் மீண்டும் மஞ்சள் தெரிவது, மலம் சுண்ணாம்பு போல வெளுப்பது, தோலில் சிவந்த புள்ளிகள் தோன்றுவது, வழக்கத்துக்கு மாறான உறக்கம், காய்ச்சல் இவற்றுள் எது தென்பட்டாலும் அடுத்த வாரம் வரை காத்திருக்காதீர்கள்.

எட்டாம்மாதம் எழுதியது:

என் மகன் முப்பதாவது வாரத்தில் பிறந்தான். அவனுக்கு ஆறாவது வாரத்தில் ஹீமோகுளோபின் 7.8 வரை இறங்கியது. குறைமாதக் குழந்தைகளுக்கு இந்த இறக்கம் முன்னதாகவும் ஆழமாகவும் வருமென்றும், பரிசோதனைக்காக அடிக்கடி எடுக்கும் இரத்தமும் அதற்கு ஒரு காரணமென்றும் மருத்துவர் விளக்கினார். பச்சிளங்குழந்தையின் உடலில் கிலோவுக்கு 80 முதல் 90 மில்லி லிட்டர் இரத்தம்தான் இருக்கும் என்பதை அப்போதுதான் அறிந்தேன்; ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு மில்லி லிட்டர் என்பதே சிறிய அளவு அன்று. அவனுக்கு முதல் மாதத்திலேயே இரும்புச்சத்து சொட்டு மருந்து தொடங்கினார்கள். உங்கள் மகளுக்கும் அதைக் கொடுத்தால் என்ன?

தூளி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. சொட்டு மருந்தைப் பற்றி நானும் கேட்க நினைத்தேன். என்னைப் பரிசோதித்தபோது எனக்கும் இரத்தச்சோகை இருந்ததாகச் சொன்னார்கள். கொடி வெட்டுவதற்கு முன் ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருந்ததாகப் பேறுகாலக் குறிப்பில் இருக்கிறது. இவை இரண்டும் இதில் பொருட்படுத்த வேண்டியவையா?

குழவிநலன் எழுதியது:

இரண்டும் பொருட்படுத்த வேண்டியவையே, ஆனால் இன்றைய 10.1-க்காக அன்று. இந்த இறக்கம் இரும்புக் குறைவால் வருவதில்லை. சிவப்பணு அழியும்போது அதிலுள்ள இரும்பு வீணாகாமல் உடலிலேயே சேமிப்பாகிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபினில் சுமார் 3.4 மில்லி கிராம் இரும்பு உண்டு. அணுக்கள் உடைந்து கொண்டிருந்தால்கூட அந்த இரும்பு உள்ளேயேதான் தங்குகிறது. ஆகவே இப்போது சொட்டு மருந்து கொடுத்து இறக்கத்தைத் தடுக்க முடியாது. மஜ்ஜை மீண்டும் வேலையைத் தொடங்கியபின் அந்தச் சேமிப்பைத்தான் எடுத்துச் செலவழிக்கும். நிறைமாதக் குழந்தைக்கு அது ஏறத்தாழ நான்கு முதல் ஆறு மாதம் வரை தாங்கும். இரும்பு பெரும்பாலும் கருக்காலத்தின் கடைசி மூன்று மாதங்களில் சேர்கிறது; குறைமாதக் குழந்தைகள் அந்தச் சேமிப்பைப் பெறாமலேயே பிறப்பதால்தான் நண்பரின் மகனுக்கு அவ்வளவு சீக்கிரம் தேவைப்பட்டது.

கொடியை ஒரு நிமிடத்துக்கு முன்னால் வெட்ட வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நஞ்சுக்கொடியிலிருந்து அந்த நேரத்தில் குழந்தைக்குள் வந்து சேரும் இரத்தம் இரும்புச் சேமிப்பைக் கூட்டுகிறது. காமாலைக்கு அது சிறிதளவு காரணமாகியிருக்கலாம் என்றாலும், பின்னாளைய இரும்பு இருப்பைக் கருதினால் ஆதாயமே. உங்களுக்கு இருந்த இரத்தச்சோகை குழந்தையின் சேமிப்பைச் சற்றுக் குறைத்திருக்கலாம் என்பதால், நான்காம் மாதத்தில் இரும்பு தொடங்குவதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். அதற்கு முன்னரே நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அளவு மிகுந்தால் இரும்பு குழந்தைக்கு நஞ்சு.

கேட்காத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். உங்களுக்கோ கணவருக்கோ தலசீமியா (ஹீமோகுளோபின் சரிவர உருவாகாத பரம்பரை நோய்) மரபுக்கூறு இருப்பதாகத் தெரிந்தால் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கருவின் ஹீமோகுளோபின் இன்னும் மிகுந்திருக்கும் இந்த வயதில் பீட்டா தலசீமியா வெளிப்படாது. ஆறாம் மாதத்தையொட்டியே அது தலைகாட்டும் என்பதால், அத்தகைய குடும்பத்தில் இப்போதைய அறிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அப்போது ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டும்.

நுண்ணோக்கி எழுதியது:

ஒரு சிறு குறிப்பு. ரெட்டிகுலோசைட் எண்ணிக்கைக்கும் பிலிரூபினுக்கும் தனித்தனியாகக் குத்த விடாதீர்கள். இரண்டையும் ஒரே முறை குத்தி எடுக்கும் இரத்தத்திலேயே பார்க்க முடியும். இம்முறை சிரையிலிருந்தே எடுக்கச் சொல்லி, விண்ணப்பத் தாளில் வயதை வாரக்கணக்கில் தெளிவாக எழுதித் தாருங்கள்.