லை, ஃபிப், ப்ரிவாரிகேட், மிஸ்லீட்: எல்லாமே ‘பொய்’தானா?

மைக்கூடு:
ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்க வேண்டும். ஒரே பத்தியில் ‘லை’, ‘ஃபிப்’, ‘ப்ரிவாரிகேட்’, ‘மிஸ்லீட்’, ‘ஃபேப்ரிகேட்’ ஐந்தும் வருகின்றன. அகராதியைப் புரட்டினால் பாதிக்கு மேல் ‘பொய் சொல்’ என்றே இருக்கிறது. அப்படியே போட்டால் பத்தி செத்துவிடும். எது எங்கே பிரிகிறது? ‘ஃபால்ஸ்ஹுட்’டும் ‘லை’யும் ஒன்றா என்பதும் தெரிய வேண்டும்.

சொல்வயல்:
கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், குழப்பத்தின் வேர் அங்கேதான். நம் ‘பொய்’க்கு உள்நோக்கம் கட்டாயமில்லை. மழை பொய்த்தது என்கிறோம், பொய்க்கால் குதிரை என்கிறோம். மழை யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆங்கில ‘லை’யில் மூன்றும் இருந்தாக வேண்டும்: சொன்னது உண்மையல்ல, அது உண்மையல்ல என்று சொன்னவருக்குத் தெரியும், கேட்பவர் நம்ப வேண்டும் என்றே சொன்னார். இரண்டாவதும் மூன்றாவதும் உறுதியாகத் தெரியாதபோது ‘ஃபால்ஸ்ஹுட்’ அல்லது ‘ஃபால்ஸ் க்ளெய்ம்’ என்று நிறுத்திக்கொள்வார்கள். செய்தித்தாள்கள் அரசியல்வாதியின் பேச்சை ‘லை’ என்று எழுதத் தயங்குவதும் இதனால்தான்: பேச்சு தவறென்று ஆவணம் காட்டலாம், மனதில் இருந்ததைக் காட்டுவது கடினம். தமிழில் ‘ஃபால்ஸ்ஹுட்’டுக்கு ‘உண்மைக்குப் புறம்பானது’, ‘லை’க்கு ‘பொய்’ என்று பிரித்து வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

பேச்சிலும் இந்த எடை வேறுபாடு உண்டு. தோழியிடம் ‘ஏய், பொய் சொல்லாதடி’ என்பது செல்லம். அதையே ஆங்கிலத்தில் ‘யூ ஆர் லையிங்’ என்று அலுவலகத்தில் சொன்னால் நேரடிக் குற்றச்சாட்டு. அங்கே ‘யூ ஆர் கிட்டிங்’ போதும்.

‘ஃபேப்ரிகேட்’ எளிது. இல்லாததை உட்கார்ந்து உருவாக்குவது: இட்டுக்கட்டுதல். ஆவணம், ஆய்வுத் தரவு, சாட்சியம் என்று வந்தால் பெரும்பாலும் இந்தச் சொல்தான் வரும்.

வரப்போரம்:
‘மிஸ்லீட்’டைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு வாக்கியம்கூடப் பொய்யில்லாமல் அதைச் செய்யலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973இல் தீர்ப்பளித்த பிரான்ஸ்டன் வழக்கு இதற்குப் பாடம் போன்றது. திவால் விசாரணையில் சத்தியம் செய்துவிட்டு அமர்ந்திருந்தவரிடம், உங்களுக்குச் சுவிஸ் வங்கியில் கணக்கு இருக்கிறதா என்று வழக்கறிஞர் கேட்டார். இல்லை என்றார். முன்பு எப்போதாவது இருந்ததா என்றார். நிறுவனத்துக்கு ஜூரிச்சில் ஆறு மாதம் போல இருந்தது என்று பதில் வந்தது. நிறுவனத்தின் கணக்கு உண்மை. ஆனால் அவர் பெயரிலேயே ஜெனீவாவில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கணக்கு இருந்தது. கேட்டவர் ‘தனிக்கணக்கு இல்லை போலும்’ என்று எடுத்துக்கொண்டார். நீதிபதிகள் ஒருமனதாக இது ‘பெர்ஜுரி’ (பொய்ச் சாட்சி) ஆகாது என்றார்கள்: சொன்ன சொல் உண்மை, கேள்விக்குப் பதில் வராதபோது மடக்கிக் கேட்டிருக்க வேண்டியது வழக்கறிஞரின் வேலை.

ஆகவே ‘மிஸ்லீட்’டுக்குப் ‘பொய் சொன்னார்’ என்று எழுதினால் மொழிபெயர்ப்பே தவறு. ‘தவறாக எண்ண வைத்தார்’ என்று எழுதுங்கள். தெரியாமல் செய்தாலும் அது ‘மிஸ்லீட்’தான், அதனால்தான் ‘டெலிபரேட்லி’ என்ற அடை அடிக்கடி முன்னால் வருகிறது. ‘பெர்ஜுரி’ என்றால் சத்தியப் பிரமாணத்தின் பேரில் சொன்ன பொய் மட்டுமே: பொய்ச் சாட்சி.

‘ப்ரிவாரிகேட்’ இதற்குப் பக்கத்து வீடு. லத்தீன் மூலத்தில் கோணலாக நடப்பது என்று பொருள். ரோமச் சட்டத்தில் எதிர்த்தரப்போடு கள்ளக்கூட்டு வைத்த வழக்காடியைக் குறித்தது. இன்று நேராகப் பதில் சொல்லாமல் சுற்றி வளைப்பது. நமக்குக் கச்சிதமான சொல் இருக்கிறது: மழுப்புதல். ஒரு எச்சரிக்கை: தள்ளிப்போடுவதைக் குறிக்கும் ‘ப்ரொக்ராஸ்டினேட்’டோடு ஆங்கிலேயர்களே இதைக் குழப்புகிறார்கள், எனவே இடம் பார்த்து மொழிபெயர்க்க வேண்டும். ‘ஈக்விவோகேட்’ வந்தால் இரு பொருள்படப் பேசுவது. இங்கிலாந்து நாடாளுமன்றத்தைத் தகர்க்கத் திட்டமிட்ட வெடிமருந்துச் சதி வழக்கில் 1606இல் தூக்கிலிடப்பட்ட ஹென்றி கார்னெட் என்ற இயேசு சபைப் பாதிரியாரின் விசாரணையில் இந்தச் சொல் பெரிதாக அடிபட்டது.

மைக்கூடு:
நன்றி. அப்படியானால் ‘ஃபிப்’புக்குப் ‘புளுகு’ சரியாக இருக்குமா? ‘வைட் லை’க்கு ‘வெள்ளைப் பொய்’ என்று பலர் எழுதுகிறார்களே?

ஆழாக்கு:
புளுகு வேண்டாம். அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு என்று அது மேலே மேலே ஏறும். ‘ஃபிப்’ கீழே இறங்கும் சொல். பல் தேய்த்தாயா என்றால் தேய்த்தேன் என்று குழந்தை சொல்வது ‘ஃபிப்’. ‘சின்னப் பொய்’ என்பதே போதும். புளுகுக்கு ஆங்கிலத்தில் ‘டால் டேல்’ நெருக்கம்.

‘வைட் லை’ அடுத்தவர் மனம் நோகாமல் இருக்கச் சொல்வது. உப்புக் குறைந்த சாம்பாரை நன்றாக இருக்கிறது என்பது போல. ‘வெள்ளைப் பொய்’ என்று எழுதினால் நம் வாசகருக்கு வெள்ளைச் சட்டைதான் நினைவுக்கு வரும். ‘மனம் நோகாதிருக்கச் சொன்ன பொய்’ என்று விரித்தாலும் பரவாயில்லை. ‘ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்’ என்பதை இதற்கு உதாரணமாகக் காட்டாதீர்கள். மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கூட்டிச் சொல்வது ஆங்கிலத்தில் ‘மிஸ்ரெப்ரசன்ட்’. பெண் வீட்டார் அதை நம்பித்தான் முடிவெடுக்கிறார்கள்.

எதிர்த்திசையில், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது நாம் விழுகிற குழிகள் இவை. ‘பொய் சொன்னான்’ என்பதிலிருந்து ‘ஸெட் எ லை’ வந்துவிடுகிறது. ‘டோல்ட் எ லை’ என்பதே வழக்கு. ‘லைட் மீ’ தவறு, நடுவே ‘டு’ வேண்டும்: ‘லைட் டு மீ’. ஆனால் ‘டிஸீவ்ட் மீ’ என்பதில் ‘டு’ கூடாது. அடுத்து ‘ஏமாற்று’. பணமோ ஆட்டமோ தேர்வோ என்றால் ‘சீட்’, நம்ப வைத்தது என்றால் ‘டிஸீவ்’. வருகிறேன் என்றவர் வராமல் நாம் ஏமாந்தால் ‘டிஸப்பாயின்டட்’. ‘ஹீ சீட்டட் மீ’ என்று அதற்கு எழுதினால், பணத்தைச் சுருட்டிக்கொண்டு போனதாகவோ, கணவன் மனைவி பேச்சென்றால் வேறு உறவு வைத்ததாகவோ படிப்பார்கள்.

சொல்வயல்:
ஒரு சேர்க்கை. ‘எகனாமிகல் வித் தி ட்ரூத்’ என்ற தொடர் கண்ணில் பட்டால் சிக்கனம், பொருளாதாரம் என்று போய்விட வேண்டாம். 1986இல் பிரிட்டன் அமைச்சரவைச் செயலர் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங் சிட்னி நீதிமன்றத்தில், ஒரு கடிதம் பொய்யல்ல, தவறான எண்ணம் தருவது என்று விளக்கும்போது சொல்லிப் பரவியது. ‘உண்மையை அளந்து அளந்து விட்டார்’ என்று எழுதலாம்.