லிஸ்பனில் கேட்ட ஜன்னலும் சாவியும்

ஊர்சுற்றி:
போன அக்டோபரில் நானும் மனைவியும் ஏழு நாள் போர்ச்சுகல் போய் வந்தோம். லிஸ்பனின் அல்ஃபாமா பகுதியில் ஒரு பழைய வீட்டு மாடியில் அறை. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும், ஆங்கிலம் சுத்தமாக வராது. ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிப் பெயர் சொன்னார். சாவியைத் தூக்கி "ஷாவ்" என்றார். ஜன்னலைத் தட்டி "ஜனேலா", மேசை "மேசா", அலமாரி "அர்மாரியு". நான் சிரித்துக்கொண்டே சாவி, ஜன்னல், மேசை, அலமாரி என்று திருப்பிச் சொன்னேன். இவனுக்கு உச்சரிப்பு சரியில்லை என்று நினைத்து, பொறுமையாகத் திருத்த ஆரம்பித்துவிட்டார்! அந்தச் சொற்களெல்லாம் அவர்கள் ஊரிலிருந்து நமக்கு வந்தவைதான் என்பதை எந்தச் சைகையில் சொல்வது?

மறுநாள் லிஸ்பனின் பெலெம் பகுதி. திங்கட்கிழமை ஜெரோனிமோஸ் மடாலயத்துக்கு விடுமுறை, போகிறவர்கள் கவனிக்கவும். ஆப்பிரிக்க, ஆசிய வியாபாரத்தில் வந்த வரிப்பணம் இந்தக் கட்டடத்துக்குள்தான் போயிருக்கிறது. கல்லையே கப்பல் கயிறு மாதிரி முறுக்கி, முடிச்சுப் போட்டுச் செதுக்கியிருக்கிறார்கள். அங்குள்ள தேவாலயத்துக்குள் நுழைந்ததுமே வாஸ்கோ ட காமாவின் கல்லறை. கைகூப்பிப் படுத்திருக்கிறார், கல்லறைப் பக்கவாட்டில் ஒரு குட்டிக் கப்பல். 1524ல் கொச்சியில் இறந்து, முதலில் அங்கேயே புதைக்கப்பட்டவர். கோழிக்கோட்டில் அவர் செய்த கொடுமைகளையெல்லாம் படித்தவன் என்பதால் எனக்கு அங்கே பக்தி ஒன்றும் வரவில்லை. வெளியே வந்து, பக்கத்தில் 1837லிருந்து நடக்கிற கடையில் சூடான கஸ்டர்ட் டார்ட் சாப்பிட்டோம். மேலே பட்டைத்தூள் தூவி, ஒரு கடி கடித்தால் ஓடு நொறுங்கிச் சட்டையெல்லாம் தூள். ஆளுக்கு மூன்று. அதற்குத்தான் பக்தி.

சாப்பாட்டுக் கடைகளில் கேட்காமலே ரொட்டியும் ஆலிவும் கொண்டுவந்து வைப்பார்கள். நம் ஊர் ஊறுகாய் மாதிரி சும்மா என்று நினைத்து முழுசாகக் காலி செய்தோம். பில்லில் வந்தது. தொடாவிட்டால் காசு இல்லையாம்.

மலைக்கோட்டைக்காரி:
லிஸ்பன் பக்கத்து மலையூரான சிந்த்ராவில் நாங்கள் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். லிஸ்பன் ரோசியு நிலையத்திலிருந்து ரயிலில் நாற்பது நிமிடம்தான். ஆனால் பெனா அரண்மனை டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் அரண்மனைக்குள் நுழைய, தோட்டத்து வாசலுக்கு இல்லை! பஸ்ஸுக்கு வரிசை, அப்புறம் வாசலிலிருந்து அரைமணி ஏற்றம். எங்கள் நேரம் போயே போய்விட்டது. மூடுபனி வேறு. சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கோபுரம் தெரியும், மறுநொடி மறையும். வெளியே நின்று பார்த்ததே போதும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார், எனக்கு இன்னும் ஆறவில்லை.

வடக்கே போர்ட்டோ நகரத்துக்குப் போகிறவர்கள் சாவ் பென்ட்டு ரயில் நிலையத்தை விட்டுவிடாதீர்கள். டிக்கெட் கூடமே ஓவியக்கூடம். சுவரில் பதித்த ஏறத்தாழ 20,000 ஓடுகள், பெரும்பாலும் நீலமும் வெள்ளையும், போர்க்களமும் அரச ஊர்வலமும். அண்ணாந்து பார்த்தபடி நின்று எங்கள் ரயிலைத் தவறவிட்டோம்.

பழைய பேப்பர்:
லிஸ்பனில் கார்மு மடத்துக்கு யாரும் போகவில்லையா? 1755 நவம்பர் 1, புனிதர்கள் திருநாள் காலையில் வந்த நிலநடுக்கத்தில் கூரை விழுந்தது. அதைத் திரும்பப் போடவே இல்லை. வளைவுகள் மட்டும் எலும்புக்கூடாக நிற்கின்றன, அவற்றுக்கு மேல் வானம். நான் போன அன்று தூறல். நனைந்த நடைபாதைக் கல் எண்ணெய் தடவியது மாதிரி வழுக்கும், நல்ல பிடிப்புள்ள ஷூ போட்டுப் போங்கள்.

ஊர்சுற்றி, சொல் கதைக்கு ஒரு கொசுறு: 1554லேயே லிஸ்பனில் தமிழ் அச்சாகியிருக்கிறது. கிறிஸ்தவ மறைநூல் ஒன்று, தமிழை ரோமன் எழுத்தில் போட்டு, கூடவே போர்ச்சுகீசிய மொழிபெயர்ப்பும்.

ஊர்சுற்றி:
அடடா! முன்பே தெரிந்திருந்தால், அந்த அம்மா உச்சரிப்பைத் திருத்தியபோது அவ்வளவு லேசில் தலையாட்டியிருக்க மாட்டேன்.