ராத்திரி சர்க்கரை இறங்கினா போன் அலாரம் தவறாம அடிக்க வழி என்ன?

தர்மபுரி, பாலக்கோடு பக்கம் இன்சுலின் போடுறவங்களுக்குக் கையில ஒட்டிச் சர்க்கரை அளக்குற சென்சாருக்குப் போன்ல ஆப் அமைக்கிறவங்க யாராவது இருக்கீங்களா? சர்க்கரை இறங்கினா அடிக்கிற அலாரத்தை 70-ல (mg/dL) விடாம 80-ல வைக்கிறோம். ஏன்னா சென்சார் அளவு ரத்தத்தைவிட 5–10 நிமிஷம் பிந்தித்தான் வரும்.

தொல்லை போன்லதான். பேட்டரி சேமிப்பு ராத்திரி ஆப்பை முடக்கிடுது. பேட்டரியில 'கட்டுப்பாடு இல்லை' வெச்சு, 'தொந்தரவு செய்யாதே'யில விலக்கும் கொடுத்தாலும், அப்டேட் வந்தா சில போன்ல பழையபடி ஆயிடுது. எந்த போன்ல இது நிலைச்சு நிக்குது?

சென்சார் மேலயே அழுத்திப் படுத்தா பொய்யா 60 காட்டும். அதனால விரல்ல குத்திப் பார்த்து, 70-க்குக் கீழன்னா 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் கழிச்சு மறுபடி சோதனை. (மாம்பழத்தை நீட்டுறாங்க, அது அவ்வளவு வேகமா ஏத்தாது.)

முக்கியமான கேள்வி: வீட்டார் போனுக்கு எச்சரிக்கை போக நெட் வேணும். டவர் கிடைக்காத ஊர்ல, பக்கத்து ரூம்ல தூங்குறவங்களை எழுப்ப என்ன செய்றீங்க? புளூடூத் ஸ்பீக்கர் வெச்சா கொஞ்ச நேரம் சத்தமில்லன்னதும் தானா அணைஞ்சிடுது.