‘ஆ கப்பெல்லா’ சொல் வரலாறு: பழைய இசை அகராதி வைத்திருப்பவர்கள் உதவுங்கள்
வணக்கம் நண்பர்களே. வாத்தியம் இல்லாமல் குரலில் மட்டும் பாடுவதை ‘ஆ கப்பெல்லா’ என்கிறோம். இத்தாலியனில் அதற்குச் ‘சிற்றாலய (சிறு கிறிஸ்தவ ஆலய) முறைப்படி’ என்றுதான் பொருள். வேர் இன்னும் அழகு: லத்தீனில் கப்பெல்லா என்றால் சின்ன மேலங்கி. புனித மார்ட்டின் பிச்சைக்காரர் ஒருவருக்குப் பாதி வெட்டிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் அங்கியை, இன்றைய பிரான்ஸ் பகுதியை அக்காலத்தில் ஆண்ட பிராங்க் அரசர்கள் போற்றி வைத்திருந்தார்கள். அது இருந்த இடத்துக்கே அந்தப் பெயர் வந்து, பிறகு எல்லாச் சிற்றாலயங்களுக்கும் பரவியது.

சரி, என் கேள்விக்கு வருகிறேன். 16ஆம் நூற்றாண்டில் வாடிகனில் உள்ள போப்பின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் வாத்தியமின்றிப் பாடினார்கள். ஆனால் வெனிஸ் போன்ற இடங்களில் ஆர்கனும் டிராம்போனும் குரலோடு சேர்ந்தே ஒலித்தன. அப்படியிருக்க, ‘வாத்தியமின்றி’ என்ற பொருள் எப்போது அச்சில் ஏறியது? 18, 19ஆம் நூற்றாண்டு இசை அகராதி யாரிடமாவது இருந்தால், அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்களேன். ஜெர்மன் அகராதியானாலும் சரிதான்.